நேரில் பார்க்காத பேரிடர் ஏன் தூக்கத்தைக் கெடுக்கிறது?

கேள்வி இதுதான்: எங்கோ குண்டு வெடிக்கிறது, போர் மூள்கிறது, தொற்றுநோய் பரவுகிறது. நமக்கு நேரடியாக எதுவும் ஆகவில்லை. ஆனாலும் நாள் முழுக்கச் செய்தி பார்த்ததில் தூக்கம் போய்விட்டது, நெஞ்சு படபடக்கிறது, வேலையில் மனம் ஒட்டவில்லை. இது நிஜமான பாதிப்பா, நாமே கற்பனை செய்துகொள்வதா? எவ்வளவு பார்த்தால் அதிகம்? பார்க்காமல் ஒதுங்கினால் அது சுயநலம் ஆகாதா?

நிஜமான பாதிப்புதான். அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் "செய்தி பார்ப்பதே கெடுதல், டிவியை அணைத்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் பதில்கள் எனக்கு உவப்பில்லை. நடந்ததைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடுவதில்லை. தெரிந்து முடித்த பிறகும் அதையே மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் இறுதிக் கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பணியாற்றிய அலிசன் ஹோல்மன், டானா ரோஸ் கார்ஃபின், ராக்சன் சில்வர் ஆகிய மூவரும் அடுத்த இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் 4,675 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். பாஸ்டன்காரர்கள், நியூயார்க்காரர்கள், நாட்டின் மற்ற பகுதிகளில் இருந்தவர்கள் என மூன்று தரப்பும் அதில் உண்டு. வெடிப்புக்கு அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரம், அதற்கும் மேல் அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களிடம், சம்பவ இடத்திலோ அதன் அருகிலோ இருந்தவர்களைவிடக் கடும் மன அழுத்த அறிகுறிகள் அதிகமாகத் தெரிந்தன.

இந்த முடிவை "குண்டுவெடிப்பில் சிக்குவதைவிட டிவி பார்ப்பது மோசம்" என்று சுருக்கிப் பகிர்கிறவர்கள் நிறைய. அப்படிச் சொல்லவே இல்லை. நேரில் இருந்தவர்கள் என்ற கணக்கில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உடலில் காயம் படாதவர்கள். காலை இழந்தவரையும் சோஃபாவில் இருந்தவரையும் யாரும் ஒப்பிடவில்லை. அளந்ததும் முதல் சில வாரங்களின் அறிகுறிகளைத்தான்: தூக்கமின்மை, திடீரென்று கண்முன் வந்து நிற்கும் காட்சிகள், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. நோய் என்று யாரையும் முத்திரை குத்தவில்லை. இவ்வளவு கழித்துக்கொண்ட பிறகும் அந்த ஆய்வு சொல்வது சின்ன விஷயம் இல்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் அமெரிக்கா முழுவதும் 560 பேரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். 44 சதவீதம் பேர் குறைந்தது ஒரு மன அழுத்த அறிகுறியாவது கணிசமாக இருப்பதாகச் சொன்னார்கள். தாக்குதல் நடந்த அன்று அவர்கள் டிவி முன் இருந்தது சராசரியாக 8 மணி நேரம். இன்னோர் ஆய்வில், நியூயார்க்குக்கு வெளியே வசித்தவர்களில் 17 சதவீதம் பேரிடம் இரண்டு மாதம் கழித்தும் அந்தத் தாக்குதல் தொடர்பான அறிகுறிகள் இருந்தன. ஆறு மாதத்தில் அது 5.8 சதவீதமாக இறங்கியது. அந்த இறக்கத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான மனங்கள் தாமாகவே தேறிவிடுகின்றன. ஆரம்ப நாட்களில் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்களிடம் மட்டும், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் மன அழுத்த அறிகுறிகளும் புதிதாக வந்த உடல் உபாதைகளும் கூடுதலாகத் தென்பட்டன.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். ஏற்கெனவே பதற்றப்படும் சுபாவம் உள்ளவர்கள்தானே அதிகம் பார்ப்பார்கள்? பதற்றம்தானே காரணம், பார்ப்பது விளைவுதானே? நல்ல சந்தேகம். இதைத் தீர்க்கத்தான் இந்த ஆய்வாளர்கள் சம்பவத்துக்கு முன்பே மனநலத் தகவல் பதிவாகியிருந்த ஆட்களையே எடுத்துக்கொண்டார்கள். முன்பிருந்த மனநிலையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும் தொடர்பு மறையவில்லை. ஆனாலும் ஒருவரை வலுக்கட்டாயமாக உட்காரவைத்து வாரக்கணக்கில் பேரழிவைக் காட்டிச் சோதிக்க முடியாதே. அதனால் 'இதுதான் காரணம்' என்று அடித்துச் சொல்வதைவிட, இரண்டு திசையிலும் ஓடுகிறது என்று சொல்வதே நேர்மை.

அதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. பாஸ்டன் சம்பவம் முதல் 2016 ஜூனில் ஆர்லாண்டோ இரவு விடுதித் துப்பாக்கிச்சூடு வரை 4,165 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாஸ்டன் செய்தியை அதிகம் பார்த்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து அறிகுறிகள் அதிகம் இருந்தன. அந்த அறிகுறிகள் இருந்தவர்களுக்கு, 'இனி அடுத்து என்ன நடக்குமோ' என்ற கவலை இரண்டாண்டு கழித்தும் கூடுதலாக இருந்தது. அந்தக் கவலை இருந்தவர்கள் ஆர்லாண்டோ செய்தியை மற்றவர்களைவிட அதிகம் பார்த்தார்கள், மறுபடி அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதைதான். ஒரு சம்பவத்தோடு முடிந்துவிடாமல் அடுத்த சம்பவத்துக்கும் தாவுவது இதில் முக்கியமானது. நிறையப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போகும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தத் தரவு அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது.

சரி, மனதுக்குள் என்னதான் நடக்கிறது?

சம்பவம் நடந்து ஐந்தாவது மணி நேரத்தில் ஓடும் ஒரு நேரலையை, அழுவதற்கோ பதறுவதற்கோ அல்லாமல், கணக்கெடுப்பதற்காக மட்டும் பார்த்திருக்கிறீர்களா? திரையின் ஒரு பாதியில் செய்தியாளர். மறு பாதியில் யாரோ கைபேசியில் எடுத்த, அரை நிமிடம்கூட வராத காட்சி. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பிறகு அதே காட்சி மெதுவாக. பிறகு சிவப்பு வட்டம் போட்டு. கீழே ஓடும் வரியில் 'பிரேக்கிங் நியூஸ்' என்று மின்னுவது இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. 'இதுவரை கிடைத்த தகவலின்படி' என்று தொடங்கும் நிருபரிடம் புதிதாக ஒன்றும் இல்லை. விவாதத்துக்கு அழைக்கப்பட்ட நிபுணர் 'இப்போதே எதையும் சொல்ல முடியாது' என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசுகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையிலேயே புதிதாகத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதினால் நாலு வரி தேறாது. ஆனால் அந்த அரை நிமிடக் காட்சி மட்டும் எத்தனை தடவை கண்ணில் பட்டிருக்கும்!

அறிவுக்கு அது பழைய காட்சி என்று தெரியும். உடம்புக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. அலறல் காதில் விழுந்தால் இதயம் வேகமெடுக்கிறது, தசை இறுகுகிறது. ஆய்வுக்கூடங்களில் நல்ல ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு விபத்து, வன்முறைக் காட்சிகள் கொண்ட படத்துணுக்குகளைக் காட்டிச் சோதிக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. அடுத்த சில நாட்களுக்கு அந்தக் காட்சிகள் கூப்பிடாமலே அவர்கள் மனதில் வந்து போகின்றன. வெறும் திரைக்காட்சிக்கே இந்த வலு.

அப்புறம், பாதிப்பு அந்தச் செய்தியோடு நிற்பதில்லை. 1997-ல் பிரிட்டனில் வெண்டி ஜான்ஸ்டன், கிரஹாம் டேவி இருவரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். 14 நிமிடச் செய்தித் தொகுப்பு. ஒரு குழுவுக்கு நல்ல செய்திகள், ஒரு குழுவுக்குச் சாதாரணச் செய்திகள், ஒரு குழுவுக்குக் கெட்ட செய்திகள். கெட்ட செய்தி பார்த்தவர்களுக்குச் சோகமும் பதற்றமும் கூடியது எதிர்பார்த்ததுதான். செய்திக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத தங்கள் சொந்தக் கவலையை, கடனோ வேலையோ எதுவோ, அவர்கள் ஊதிப் பெரிதாக்கினார்கள் என்பதுதான் அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. போர்ச் செய்தி பார்த்த இரவில் மாமியாரோடு நடந்த பழைய சண்டை திடீரென்று விஸ்வரூபம் எடுப்பது ஏன் என்று இப்போது புரியும்.

இன்னொன்று, ஆபத்தின் அளவைப் பற்றிய கணிப்பே மாறிவிடுகிறது. எளிதாக ஞாபகத்துக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்று உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1973-லேயே எழுதினார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகு பல அமெரிக்கர்கள் விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனார்கள். கார்ப் பயணத்தில் ஆபத்து அதிகம். அடுத்த ஓராண்டில் இதனால் சாலையில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,595 பேர் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் மதிப்பிட்டார். அந்தப் பயத்துக்குச் செய்தி மட்டுமே பொறுப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடத்தில் விமானம் மோதும் காட்சியை அத்தனை தடவை பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கணிப்பு அவ்வளவு தூரம் புரண்டிருக்குமா?

காட்சிக்கு அடுத்தபடியாக மனதைக் குடைவது குழப்பம். ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் துப்பாக்கிக்காரன் புகுந்துவிட்டான் என்று எல்லோரையும் உள்ளே பூட்டிக்கொள்ளச் சொன்ன நாளைப் பற்றி 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. 3,890 மாணவர்கள் பங்கெடுத்தார்கள். அதிகாரபூர்வத் தகவல் வராமல் சுமார் ஒன்றரை மணி நேர இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை ட்விட்டர் வதந்திகள் நிரப்பின. முக்கியத் தகவலுக்குச் சமூக ஊடகத்தை நம்பியவர்களுக்கு முரண்பட்ட செய்திகளும் அதிகம் வந்தன, உளைச்சலும் அதிகம் இருந்தது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று எல்லாக் கைபேசிகளுக்கும் தவறான எச்சரிக்கை போனது. அது பொய் என்று அதேபோல எல்லோருக்கும் செய்தி அனுப்ப 38 நிமிடம் பிடித்தது. அந்த நேரத்தில் போடப்பட்ட ட்வீட்டுகளில் பதற்றச் சொற்கள் நிமிடத்துக்கு நிமிடம் ஏறின. பொய் என்று தெரிந்த பிறகும் ஒரு சாராருக்கு அது உடனே தணியவில்லை.

கோவிட் காலத்தில் இதே கதை உலகளவில் நடந்தது. 2020 மார்ச் 18 முதல் ஏப்ரல் 18 வரை 6,514 அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வில், எத்தனை மணி நேரம் செய்தி பார்த்தார்கள் என்பதோடு, ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைச் சந்தித்தார்களா என்பதும் மன அழுத்தத்தோடும் மனச்சோர்வோடும் பிணைந்திருந்தது. முகக்கவசம் வேண்டும், வேண்டாம், வேண்டும். எதை நம்புவது என்று தெரியாதபோது மனம் செய்கிற முதல் காரியம், இன்னும் கொஞ்சம் தேடுவது.

இந்தத் தேடலை நடு இரவில் பார்க்க வேண்டும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, பக்கத்தில் தூங்குபவர் விழித்துவிடாதபடி சத்தத்தை நிறுத்தி, கட்டைவிரலால் பக்கத்தைக் கீழே இழுத்துவிடுகிறார். சின்னச் சக்கரம் சுற்றுகிறது. மேலே வந்து நிற்பது பத்து நிமிடம் முன்பு பார்த்த அதே பதிவு. போனை மார்பின் மேல் கவிழ்த்துவைக்கிறார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எடுக்கிறார். அவரைக் கேட்டால் "என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா தூங்கிடலாம்" என்பார். போர்களும் தொற்றுநோய்களும் அப்படி ஓர் இரவில் 'என்ன ஆச்சு' என்று தெரிந்து முடிகிற விஷயங்கள் இல்லை. முடிவு வராத கதையில் முடிவைத் தேடிக் காத்திருக்கிறார்.

அவர் பலவீனமானவர் என்பதல்ல பொருள். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு அவர் விழித்திருப்பதுதான் வேண்டும். அப்வர்தி என்ற இணையதளம் தன் தலைப்புகளை வாசகர்களிடம் மாற்றி மாற்றிச் சோதித்த தரவை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை, ஆய்வாளர்கள் அலசி 2023-ல் வெளியிட்டார்கள். சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்குகிறவர்கள் 2.3 சதவீதம் கூடுகிறார்கள். கேட்கச் சின்ன எண்தான். கோடிக்கணக்கான வாசகர்களைக் கொண்ட ஒரு நிறுவனத்தில் எந்தத் தலைப்பு வெல்லும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வக் கையேடு இதில் கறாராக இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5, டிவி, படங்கள், இணையம் வழியாகப் பார்த்ததை மட்டும் வைத்து ஒருவருக்கு பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்று சொல்லக் கூடாது என்கிறது. தொழில்நிமித்தமாகப் பார்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. என் பார்வையில் இந்த எல்லை ஓரளவு தேவைதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் பாதி உலகத்தை நோயாளிப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். ஆனால் தொழிலுக்காகப் பார்த்தால் காயம், சும்மா பார்த்தால் காயமில்லை என்ற தர்க்கம் உறுத்துகிறது. பயனர்கள் பதிவேற்றும் கொடூரக் காட்சிகளைச் சலித்தெடுக்கும் வேலை பார்த்தவர்கள் தொடுத்த வழக்கில், ஃபேஸ்புக் 2020-ல் 5.2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. அதே காட்சி சலிப்பவர் கையிலிருந்து தப்பி உங்கள் திரைக்கு வந்தால், உங்கள் நரம்பு வேறு நரம்பா என்ன? கையேட்டில் பெயர் இல்லாததால் உங்கள் தூக்கமின்மை பொய்யாகிவிடாது. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

எல்லோருக்கும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. முன்பே பெரிய இழப்பையோ வன்முறையையோ கண்டவர்கள், மனச்சோர்வோ பதற்றமோ ஏற்கெனவே உள்ளவர்கள், கொஞ்சம் பார்த்தாலே ஆடிப்போவார்கள்.

இனி, எவ்வளவு அதிகம் என்ற கேள்வி. ஆறு மணி, நான்கு மணி என்பவை ஆய்வாளர்கள் ஒப்பிடுவதற்குப் போட்ட கோடுகள். மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடம் பாதுகாப்பு என்று யாரும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஆலோசனை எளிமையானது: நாளுக்கு ஓரிரு முறை, குறிப்பிட்ட நேரத்தில், நம்பகமான இடத்தில் பாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் நேரக் கணக்கைக்கூட முதலில் கேட்பதில்லை. "கடைசியாகப் பார்த்தபோது புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பேன். பதில் சொல்ல யோசிக்கிறார்கள் என்றால் அந்தப் பார்வை தகவலுக்கானதாக இருக்கவில்லை.

நேரத்தைவிட வடிவம் முக்கியம் என்பது என் அனுபவம். அதே செய்தியை எழுத்தில் படித்தால் விவரம் குறைவதில்லை, அலறல் மட்டும் குறைகிறது. வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேவை நிறுத்துவது ஒரு நிமிட வேலை. நோட்டிஃபிகேஷனையும் அப்படியே. படுக்கையில் போன் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்கிறவர்கள் குறைவு.

ஆபத்து உங்களை நோக்கியே வருகிறது என்றால் கதை வேறு. புயல் பாதையில் இருப்பவர், வெளியேற்ற உத்தரவுக்குக் காத்திருப்பவர் செய்தியை அணைக்கக் கூடாது. ஆனால் அவருக்குத் தேவை எச்சரிக்கை அறிவிப்பு, 24 மணி நேர விவாதம் இல்லை. 2017-ல் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, கரை தொடும் முன்பே அங்குள்ளவர்களிடம் ஆய்வு செய்தார்கள். புயலுக்கு முன் செய்தியில் அதிகம் மூழ்கியது, பின்னால் வந்த உளைச்சலோடு சேர்ந்தே போனது. அரசின் அறிவிப்பு வரும் ஓர் இடத்தை மட்டும் திறந்துவைத்துவிட்டு மூட்டை கட்டுவது நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் டிவி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது. மறு ஒளிபரப்பை மறுபடி நடப்பதாகவே சின்னக் குழந்தைகள் எடுத்துக்கொள்ளக்கூடும். கட்டடம் ஒரு தடவை விழுந்ததா இருபது தடவை விழுந்ததா என்பது அவர்களுக்குத் தெளிவில்லை. பெரிய பிள்ளைகளிடம் 'பார்க்காதே' என்று சொல்வதற்கு முன், 'இதுவரை என்ன பார்த்தாய், என்ன கேள்விப்பட்டாய்' என்று கேளுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பார்த்திருப்பார்கள், பாதி தப்பாகவும் புரிந்திருப்பார்கள்.

சுயநலமா என்ற கேள்விக்கு வருகிறேன். துயரப்படுகிறவர்களை நினைத்து மனம் கனப்பது நல்ல மனதின் அடையாளம்தான். ஆனால் பன்னிரண்டாவது தடவை அந்தக் காட்சியைப் பார்ப்பதால் அங்கே ஒருவருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை. பணமோ இரத்தமோ உழைப்போ கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம். அதற்குத் தெம்பு வேண்டும், தூக்கம் வேண்டும். சாட்சியாக இருப்பது கடமை என்று சிலர் வாதிடுவார்கள், அதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஒரு நல்ல கட்டுரையை முழுதாகப் படித்தவரும் சாட்சிதான்.

சொந்தக்காரர்கள் அங்கே சிக்கியிருந்தால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. 'பார்க்காதே' என்று உங்களிடம் சொல்வது கொடுமை. குடும்பத்தில் ஒருவர் மட்டும் தொடர்பில் இருந்து, நேரம் குறித்து மற்றவர்களுக்குச் சொல்வது என்று வைத்துக்கொண்டவர்கள் ஓரளவு தாக்குப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பொறுப்பை நாளுக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் பதறுவதும் பெரும்பாலானோருக்குத் தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் காட்சிகள் கண்முன் வந்துகொண்டிருந்தால், வெளியே போவதற்கே பயந்தால், வேலையும் உறவும் தடுமாறினால், இல்லை வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நாள் வந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது தினமும் எத்தனை மணி நேரம், எந்த மாதிரிக் காட்சிகளைப் பார்க்கிறீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்காமல் விட்டுவிடக்கூடும்.